எத்தனை மணிநேரம்? இங்கிலாந்தில் குடியேறியோரின் ஆங்கிலக் கல்வியும் தேர்தல் பரப்புரையும்



இங்கிலாந்தில் குடியேறிய வயது வந்தோரின் ஆங்கிலக் கல்வியை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர்களுக்கு வேறு சட்டம், வேறு நிதி. நான் பேசுவது அங்குள்ள ஆசிரியர்கள் 'ஈசோல்' என்று சுருக்கமாகச் சொல்லும் வகுப்புகளைப் பற்றி: பிறமொழி பேசுவோருக்கு ஆங்கிலம் கற்றுத்தரும், கல்லூரிகளிலும் நூலகங்களிலும் கோயில், தேவாலய மண்டபங்களிலும் நடக்கும் வகுப்புகள். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அந்த நாட்டில் ஆங்கிலம் மேடையேறுகிறது. வந்தவர்கள் கற்றே ஆகவேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. கற்பிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதைச் சொல்லாமலே கூட்டம் கலைந்துவிடுகிறது. என் வாதம் இதுதான்: இந்தக் கல்விக்காகப் போராடுகிறவர்கள் ஆங்கிலத்தின் அருமையைக் கட்சிகளுக்கு எடுத்துச் சொல்வதில் இனி நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை, அதை மறுப்பவர் எவரும் இல்லை. வாரத்துக்கு எத்தனை மணிநேரம், யாருக்கெல்லாம் கட்டணம் இல்லை, பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைத் தேர்தலுக்கு வெகு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தங்களுக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராது என்று சுமார் 7 லட்சத்து 26 ஆயிரம் பேரும், அறவே வராது என்று 1 லட்சத்து 38 ஆயிரம் பேரும் பதிந்தார்கள். 2021இல் இந்த எண்கள் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரமாகவும் 1 லட்சத்து 61 ஆயிரமாகவும் ஆயின. இரண்டையும் கூட்டினால் பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். மொத்த மக்கள்தொகையில் இது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மேடைப் பேச்சைக் கேட்பவருக்கு நாடே மொழி புரியாத கூட்டத்தால் நிரம்பிவிட்டதைப் போலத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அதே கணக்கைக் காட்டி, இது பொருட்படுத்தத் தேவையில்லாத சிறுபான்மை என்றும் சொல்ல முடியாது. மருத்துவர் சொல்வதைப் பத்து வயது மகள் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்கும் தாயும், சம்பளச் சீட்டில் எதற்குப் பிடித்தம் செய்திருக்கிறார்கள் என்று படிக்கத் தெரியாத சமையற்கூடத் தொழிலாளியும் அந்தப் பத்து லட்சத்தில் அடக்கம். ஓர் அரசு மனம்வைத்தால் சில ஆண்டுகளில் பெருமளவு தீர்த்துவிடக்கூடிய அளவில்தான் இந்தப் பிரச்சினை இருக்கிறது. அதனால்தான் இது தீராமல் நிற்பது எனக்குச் சினமூட்டுகிறது.

இந்த எண்களுக்குள் தமிழர்களும் இருக்கிறார்கள். இரண்டு கணக்கெடுப்புகளிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் ஆகிய இடங்களில் 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்கள் வேரூன்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் நன்கு பேசுகிறவர்கள். ஆனாலும் திருமணமாகி வந்து பிள்ளைகளை வளர்ப்பதிலேயே ஆண்டுகள் ஓடிவிட்ட பெண்களும், முதுமையில் பிள்ளைகளோடு சேர வந்த பெற்றோரும், தமிழர் கடைகளில் இரவுபகலாக உழைத்ததால் வகுப்புக்குப் போக நேரமே வாய்க்காதவர்களும் எல்லாத் தமிழ் ஊர்களிலும் உண்டு. எனவே சிரியரின், ஆப்கானியரின், எரித்திரியரின் சிக்கலாக மட்டும் இதைப் பார்க்க நமக்கு இடமில்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 11ஆம் பிரிவு, காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்காகக் கூடுதல் ஊழியர்களை அமர்த்தும் உள்ளாட்சிகளுக்கு நிதி தந்தது. 1970களில் ஆலைகளுக்குள்ளேயே தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் பிரிவுகள் இயங்கின. ஆனால் நாடு தழுவிய அளவில் இக்கல்விக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது 2001இல்தான். வயது வந்தோரின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உயர்த்த டோனி பிளேர் அரசு தொடங்கிய 'வாழ்வுக்கான திறன்கள்' திட்டத்தில் ஈசோலும் சேர்க்கப்பட்டது, வகுப்புகள் இலவசமாயின. கூட்டம் அலைமோதியது. கல்லூரிகளில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. தாகம் எவ்வளவு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அரசு அதைச் சுமை என்று படித்தது. எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவந்த கட்டண விலக்கு 2007 ஆகஸ்ட் முதல் நிறுத்தப்படும் என்று 2006 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அதே 2007 ஜூனில், அதே அரசு அமைத்த ஒருங்கிணைப்பு ஆணையம், சமூகங்கள் ஒன்றுபட்டு வாழ ஆங்கிலமே அடிப்படை என்று அறிக்கை தந்தது. ஒரு கை பரிந்துரையை வாங்கிக்கொண்டிருக்க, மறு கை வகுப்பறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த கூட்டணி அரசு இதே போக்கை இன்னும் விரைவாக்கியது. 2010 நவம்பரில் வெளியான திறன் வளர்ச்சிக் கொள்கையின்படி, வேலை தேடுவோருக்கான உதவித்தொகை போன்ற சிலவற்றைப் பெறுவோருக்கு மட்டுமே 2011-12 கல்வியாண்டிலிருந்து முழு விலக்கு. குறைந்த கூலிக்கு உழைக்கும் கணவர்களின் மனைவியர், வேறு வகை உதவிகளில் வாழும் தாய்மார்கள் ஆகியோர் வெளியே நிறுத்தப்பட்டனர். 2011 பிப்ரவரியில் மியூனிக் நகரில் பேசிய பிரதமர் டேவிட் கேமரன், குடியேறுவோரைப் புதிய தாயகத்தின் மொழியைப் பேசவைக்க வேண்டும் என்றார். அவர் பேசியது வெட்டு அறிவிக்கப்பட்டதற்கும் நடப்புக்கு வந்ததற்கும் இடைப்பட்ட மாதங்களில். 2015 மே மாதத் தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில் இன்னொரு வெட்டு விழுந்தது. வேலை தேடுவோரை ஆங்கில வகுப்புக்குப் போகும்படி கட்டாயப்படுத்திவிட்டு அதற்கென ஒதுக்கிய நிதியை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2016 ஜனவரியில் கேமரன் மீண்டும் பேசினார். இங்கிலாந்தில் 1 லட்சத்து 90 ஆயிரம் முஸ்லிம் பெண்களுக்கு ஆங்கிலம் சிறிதளவே தெரியும் அல்லது அறவே தெரியாது என்று கவலைப்பட்டு, 2 கோடி பவுண்டு அறிவித்தார். 2009-10இல் சுமார் 20 கோடி பவுண்டாக இருந்த ஈசோல் நிதி 2015-16இல் சுமார் 9 கோடியாகச் சுருங்கியிருந்தது. படிப்போர் எண்ணிக்கை 1 லட்சத்து 79 ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு இறங்கியிருந்தது. பதினொரு கோடியை எடுத்துவிட்டு இரண்டு கோடியைத் தருவதைக் கொடை என்று யாரும் அழைக்கக் கூடாது. அந்த அறிவிப்பு ஒரு சமயத்துப் பெண்களை மட்டும் குறிவைத்ததால் அவர்களுக்கு நேர்ந்த அவமதிப்பையும் நான் சிறிதாக எண்ணவில்லை.

கட்சி மாறியும் போக்கு மாறவில்லை என்பதற்கு 2025ஆம் ஆண்டு சாட்சி. அந்த மே மாதம் தொழிற்கட்சி அரசு வெளியிட்ட குடிவரவு வெள்ளை அறிக்கை, திறன் தொழிலாளர் விசாவுக்கான ஆங்கிலத் தகுதியை ஐரோப்பிய அளவுகோலின் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்த முன்மொழிந்தது. அவர்களோடு வரும் துணைவர்களுக்கும் மொழித் தேர்வை முன்வைத்தது. அதே ஆண்டு வயது வந்தோரின் திறன் கல்வி நிதி குறைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 2007லேயே தனக்கென ஈசோல் செயல்திட்டம் வகுத்துக்கொண்டது; வேல்ஸ் 2014இல் வகுத்து 2018இல் புதுப்பித்தது. இங்கிலாந்துக்கு 2018 மார்ச்சில் ஒரு பசுமை அறிக்கை அப்படியொரு செயல்திட்டத்தை வாக்களித்தது. பிறகு வந்த பிரதமர்கள் எவரும் அதைத் தரவில்லை.

இந்த வெட்டுகளை எதிர்த்து யாரும் பேசவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2006-07இல் கல்லூரி ஆசிரியர் சங்கமும் வயது வந்தோர் கல்வி அமைப்புகளும் சேர்ந்து 'ஈசோலைக் காப்போம்' என்று தெருவில் இறங்கின. புகலிடக் கோரிக்கையாளரை வகுப்பிலிருந்து விலக்கவிருந்த அரசு, ஆறு மாதத்துக்கு மேல் முடிவுக்காகக் காத்திருப்போருக்கு இடம் தர ஒப்புக்கொண்டது அந்தப் போராட்டத்தால்தான். 2011இல் 'ஈசோலுக்காகச் செயல்படுவோம்' இயக்கம் மார்ச் 24ஆம் நாளைச் செயல் நாளாக நடத்தியது. மாணவர்களே பதாகை எழுதினார்கள், பேசினார்கள். அந்தக் கோடையிலேயே, வேறு உதவித்தொகை பெறும் வேலையற்றோரையும் கல்லூரிகள் தம் விருப்புரிமைப்படி இலவசமாகச் சேர்க்கலாம் என்று அமைச்சர் இறங்கிவந்தார். இரண்டுமே மதிக்கத்தக்க வெற்றிகள். ஆனால் இரண்டும் வெட்டு விழுந்த பிறகு வந்தவை. இழந்ததில் ஒரு பங்கை மீட்டவை. தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் கேட்டிருந்தால் கட்சிகள் வாக்குக் கொடுத்திருக்கும், அல்லது மறுத்திருக்கும். மறுப்பும் பயனுள்ளதே, எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்துவிடும். 2017 தேர்தலில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் அறிக்கை, மேலும் பலருக்கு ஆங்கிலம் கற்பிப்போம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பணத்தில் என்று அதில் இல்லை. அப்படியொரு வாக்கியத்தை எவராலும் மீற முடியாது, ஏனென்றால் அதில் மீறுவதற்கு எதுவும் இல்லை.

தேர்தலுக்கு முன் திட்டவட்டமாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு லண்டனில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அதில் சற்று நிற்க விரும்புகிறேன். கிழக்கு லண்டனின் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பள்ளிகள், தொழிற்சங்கக் கிளைகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு 2001இல் வாழ்வதற்கான கூலி கேட்கத் தொடங்கியது. துப்புரவுத் தொழிலாளர்களும் மருத்துவமனை ஊழியர்களும் அதன் முகங்கள். அவர்களில் பலர் குடியேறியவர்கள். 2004 மேயர் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களை மேடைக்கு அழைத்து, நீண்ட உரைக்கு இடங்கொடாமல், செய்வீர்களா மாட்டீர்களா என்று கேட்டார்கள். மறு ஆண்டே மாநகர ஆட்சியில், ஆண்டுதோறும் லண்டன் வாழ்வூதியத்தைக் கணக்கிட ஒரு பிரிவு அமைந்தது. 2008இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த போரிஸ் ஜான்சன் மேயரானபோதும் அது கலைக்கப்படவில்லை, ஏனென்றால் அவரும் அதே மேடையில் அதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பதவிக்கு வந்தார். இந்தக் கதைக்கு நம் பொருளோடு நேரடியான தொடர்பு ஒன்று இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வயது வந்தோர் கல்வி நிதி லண்டனுக்கும் மான்செஸ்டர், லிவர்பூல், மேற்கு மிட்லண்ட்ஸ் உள்ளிட்ட ஆறு மேயர் வட்டாரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லண்டன் மேயர் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று, லண்டன் வாழ்வூதியத்துக்குக் குறைவாகச் சம்பாதிப்போர்க்கு வகுப்புகளை இலவசமாக்கியது. வேலையில் இருப்பதாலேயே கட்டண விலக்கை இழந்திருந்த கூலித் தொழிலாளிக்கு மறுபடி கதவு திறந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் துப்புரவுப் பெண்கள் மேடையில் கேட்டு வாங்கிய ஓர் எண், யார் இலவசமாகப் படிக்கலாம் என்பதை முடிவுசெய்யும் அளவுகோலாயிற்று.

அப்படியானால் ஈசோலுக்குக் கேட்க வேண்டிய எண் எது? மணிநேரம்தான் என்பது என் துணிபு. பூஜ்ஜியத்திலிருந்து ஏ2 நிலையை எட்ட ஏறத்தாழ 180 முதல் 200 மணிநேரமும், பி1ஐ எட்ட 350 முதல் 400 மணிநேரமும், பி2ஐ எட்ட 500 முதல் 600 மணிநேரமும் ஆசிரியர் வழிகாட்டலில் படிக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் பொதுவான மதிப்பீடு. பள்ளிக்கே போகாதவர்க்கு இன்னும் கூடுதலாகும். நிரந்தரக் குடியிருப்புக்கு 2013 முதல் கேட்கப்பட்டுவந்த பேச்சுத் தகுதி பி1. வாரத்துக்கு நான்கு மணிநேர வகுப்பு, ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 144 மணிநேரம். பி1க்கே மூன்று ஆண்டை நெருங்கும், பி2க்கு நான்கு ஆண்டைக்கூடத் தாண்டலாம்; நடுவில் ஒரு பிரசவம், ஒரு வேலைமாற்றம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால் ஒரு வட்டார மாற்றம் எதுவும் நேராமல் இருந்தால். வகுப்பில் இடம் கிடைப்பதற்கு முன் காத்திருந்த மாதங்களை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஈசோல் ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 2014இல் எடுத்த கணக்கில் ஐந்தில் நான்கு நிறுவனங்களுக்கு மேல் காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்தன. சிலவற்றில் ஆயிரம் பேர் வரை.

இதை ஜெர்மனியோடு ஒப்பிடுங்கள். 2005 முதல் அங்கு நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக 600 மணிநேரம் மொழிக்கு, அதற்கு மேல் நாட்டின் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் தனி நேரம். ஆஸ்திரேலியா 1940களின் இறுதியிலிருந்தே குடியேறுவோருக்கு ஆங்கிலம் கற்பித்துவருகிறது. நெடுங்காலம் 510 மணிநேரம் உரிமையாக இருந்தது, 2021இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஜெர்மானியத் திட்டத்தில் கட்டாயமும் தண்டனையும் உண்டு, அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இரு நாடுகளும் ஒரு மனிதருக்கு இத்தனை மணிநேரம் தருவோம் என்று எண்ணால் பொறுப்பேற்றன. இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் அப்படி ஓர் எண் இல்லை. கல்லூரிக்கு நிதி இருந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் பட்டியல். குழந்தையை விட்டுவிட்டு வர இடம் இல்லாவிட்டால் பட்டியலும் இல்லை. ஈசோலில் குழந்தைக் காப்பகம் ஒரு கூடுதல் வசதி என்று கருதப்படுவது பெரும் பிழை, படிக்க விரும்பும் பெண்கள் பலருக்கு அதுதான் வகுப்பின் வாசல்.

மறுப்புகளைப் பார்க்கலாம். வரவேண்டும் என்று முடிவெடுத்தவர் தம் செலவில் கற்றுக்கொள்ளட்டும், வரி கட்டுவோர் ஏன் தாங்க வேண்டும் என்பது பலரும் நேர்மையாகவே கேட்கும் கேள்வி. அதில் ஏதிலிகளுக்குப் பொருந்தக்கூடியது எதுவும் இல்லை. குண்டுக்குத் தப்பி ஓடுகிறவர் தேர்வெழுதிவிட்டு ஓடுவதில்லை. விரும்பி வந்தவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரி முதல் விசாவோடு செலுத்தும் உடல்நலக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. 2025 ஏப்ரலில் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பக் கட்டணம் 3,029 பவுண்டு ஆனது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அரசுக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். இந்தத் தொகையில் ஒரு பகுதியை வகுப்புக்கென ஒதுக்கிவைப்பது புதுமையான யோசனையும் இல்லை. கார்டன் பிரவுன் அரசு 2009இல் விசாக் கட்டணத்தில் 50 பவுண்டு கூட்டி, குடியேற்றத்தின் தாக்கத்தைச் சமாளிக்க உள்ளாட்சிகளுக்குப் பகிரும் ஒரு நிதியை உருவாக்கியது. மறு ஆண்டே புதிய அரசு அதை மூடியது. அந்த நிதியை ஆங்கிலக் கல்விக்கென்றே மீட்டெடுக்கக் கேட்டால், வரி கட்டுவோரின் பணம் என்ற மறுப்புக்கு அடித்தளமே இருக்காது.

குடியேற்றத்தின் மீது கசப்பு மண்டிக் கிடக்கும் காலத்தில், தேர்தல் நேரத்தில் இதைப் பேசினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடாதா, அமைச்சரோடு அமைதியாகப் பேசிக் காரியத்தை முடித்துக்கொள்வதே நல்லதல்லவா என்று நண்பர்களே கேட்கிறார்கள். தேர்தலில் கேட்காமல் விட்டதன் பலன்தான் நான் மேலே சொன்ன வரலாறு. மேலும், பொதுமக்கள் இதில் எதிரணியில் இல்லை. 2013ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வில், உண்மையான பிரிட்டிஷ்காரராக இருக்க ஆங்கிலம் பேசத் தெரிவது முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 95 பேர். அந்த எண்ணில் ஒரு மிரட்டலும் இருக்கிறது, தெரியாதவர் எங்களில் ஒருவர் இல்லை என்ற மிரட்டல். ஆனால் அதே 95 பேரிடம், அப்படியானால் வகுப்பில் இடம் இருக்க வேண்டாமா என்று கேட்க முடியும். குடியேற்றம் கூடாது என்பவரும் மறுக்கத் தயங்கும் கோரிக்கை இது ஒன்றுதான். அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. உரிமையாக நாம் கேட்டதைக் கட்டாயமாகத் திருப்பித் தருவார்கள். 2017இல் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்றும் கட்டாய வகுப்பைப் பற்றிப் பேசியது. காத்திருப்போர் பட்டியல் இருக்கும்வரை கட்டாயத்துக்குப் பொருளே கிடையாது என்பதைக் கோரிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடும் காலத்தில் வகுப்பு எதற்கு என்ற கேள்விக்கு நெடும்பதில் தேவையில்லை. மருந்துக் கடையில் அது கைகொடுக்கும். மேற்பார்வையாளர் கூடுதல் நேரக் கூலியை மறுக்கும்போது எதிர்த்து வாதாட அதை நீட்ட முடியாது.

தமிழர்கள் கேட்கும் மறுப்பு எனக்கு மிக நெருக்கமானது. மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள், சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறவர்கள், ஆங்கிலத்துக்காக ஏன் பரப்புரை செய்ய வேண்டும்? அது ஆட்சிமொழியின் ஆணவத்துக்குத் தலைவணங்குவதாகாதா? இந்த அச்சம் காற்றிலிருந்து வந்ததன்று. 2013 மார்ச்சில் அன்றைய உள்ளாட்சி அமைச்சர், மொழிபெயர்ப்புகளுக்குச் செலவிடுவதை நிறுத்துங்கள், அது மக்களை ஆங்கிலம் கற்கவிடாமல் தடுக்கிறது என்று கவுன்சில்களுக்குச் சொன்னார். வகுப்புக்கும் நிதி இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை என்றால் மிஞ்சுவது மௌனம் மட்டுமே. ஆகவே நம் கோரிக்கையில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பேரம் இருக்கக் கூடாது. மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும், மாலையில் ஆங்கில வகுப்பும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று உண்பவை அல்ல. தன் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இரண்டாம் மொழியை எளிதாகப் பற்றிக்கொள்கிறார் என்பது மொழிக் கல்வி ஆய்வுகள் நெடுநாளாகச் சொல்லிவருவது. முன்பு குறிப்பிட்ட ஈசோல் ஆசிரியர்களின் தேசியச் சங்கமே ஆங்கிலத்தையும் பிற சமூக மொழிகளையும் கற்பிப்போரின் சங்கம் என்றுதான் தனக்குப் பெயர் வைத்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய் இரண்டு மணிநேரம் வாசலில் காத்திருக்கிறார். பக்கத்து அறையில் அவருக்கு ஆங்கில வகுப்பு நடத்தினால் தமிழுக்கு என்ன குறை வந்துவிடும்?

வாக்கில்லாதவர்களின் கோரிக்கையை எந்த வேட்பாளர் பொருட்படுத்துவார் என்பது கடைசி மறுப்பு. படிப்போரில் பெரும்பகுதியினருக்கு இங்கிலாந்தில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்நாட்டுச் சட்டத்தில், தங்கும் அனுமதி பெற்ற காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும் முன்பே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள். அதாவது நேற்று அனுமதி கிடைத்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இருக்கும் வாக்கு, பத்தாண்டாக அங்கு வாழும் சிரியப் பெண்ணுக்கு இல்லை. இது நியாயமானதா என்பது வேறு விவாதம். இருக்கும் உரிமையைப் பதியாமல் விடுவது அந்தச் சிரியப் பெண்ணுக்கும் இழைக்கும் தீங்கு. 2024இல் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்டு போ தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் தமிழரானார். தமிழ் வாக்காளரைக் கட்சிகள் இப்போது எண்ணிப் பார்க்கின்றன. தமிழ் அமைப்புகள் வேட்பாளர்களை அழைக்கும் கூட்டங்களில் ஈழ அரசியலைக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அதே மேடையில் அந்த வட்டாரக் கல்லூரியின் ஆங்கில வகுப்பைப் பற்றியும் ஒரு கேள்வி எழ வேண்டும்.

கேட்கும் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 18இல் தேர்தல் அறிவித்து ஜூன் 8இல் வாக்கெடுத்தார்கள். 2024இல் மே 22இல் அறிவித்து ஜூலை 4இல். அறிவித்த பிறகு தொடங்கும் பரப்புரைக்குக் கட்சி அறிக்கையில் இடம் இருக்காது, அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். 2014ஆம் ஆண்டின் பரப்புரை ஒழுங்குச் சட்டம் பொதுத் தேர்தலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதச் செலவுகளைக் கண்காணிப்பதால், தொண்டு நிறுவனங்களாகப் பதிவான கல்லூரிகளும் அமைப்புகளும் தயங்குகின்றன. கட்சிச் சார்பின்றி எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நிதி மேயர்களிடம் போய்விட்ட பிறகு வெஸ்ட்மின்ஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் பழைய பழக்கம். லண்டனிலும் மான்செஸ்டரிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் அடுத்த மேயர் தேர்தல் 2028 மே மாதம். அதற்கு ஓராண்டு முன்பே, புதிதாக வந்து வகுப்பு கேட்கும் ஒருவருக்கு எத்தனை வாரத்துக்குள் இடம், முதல் ஆண்டில் எத்தனை மணிநேரம், எத்தனை வகுப்புகளில் குழந்தைக் காப்பகம் என்று வேட்பாளர்களிடம் எழுதிக் கேட்டு, பதில்களை அந்தந்த வட்டார மொழிகளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கல்வி நிதியாண்டு ஆகஸ்டில் தொடங்குவதால், மே மாதம் வெல்பவர் தாமே முழுமையாக வகுக்கும் முதல் ஒதுக்கீடு பெரும்பாலும் மறு ஆண்டுக்கானதாகவே இருக்கும். எனவே வென்றவரை மீண்டும் மேடைக்கு அழைத்துக் கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு 2029 வசந்தத்தில் இப்போதே ஒரு மண்டபத்தைப் பதிவுசெய்து, அந்தத் தேதியையும் கேள்விகளோடு சேர்த்து வேட்பாளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும்.